ஞானத்தகப்பன் படித்த பல்கலைக்கழகம்

27 செப்ரெம்பர் 2009, ஞாயிறு

பூசைக்குப் போனேன், மனம்தான் வரவில்லை. மகள் ஷெறோன் அமெரிக்காவில் ஒரு பெரிய பல்கலைக்கழகத்துக்கு விண்ணப்பிக்கிறாள். கணிதம். இடம் கிடைத்தால் செலவு முழுவதையும் அவர்களே பார்ப்பார்களாம். படிவத்தில் ஒரு கேள்வி: உங்கள் குடும்பத்தில் யாராவது இங்கே படித்தவர்களா? பெயர், உறவு, வருடம்.

அவளின் அப்பா இங்கே லண்டனில் பெற்றோல் அடிக்கிற செற்றில். அம்மா நான் மனோர் பார்க்கில் ஒரு பள்ளிக்கூடத்துக் குசினியில் சமையல். யாரை எழுத? ஷெறோன் அந்தக் கட்டத்தை வெறுமையாக விட்டுவிட்டு எழும்பிப் போனாள். இவருக்கு, என் மனுசனுக்கு, மனம் கேட்கவில்லை. ஊரில் பழைய மாணவரின் பிள்ளைக்குத்தானே பள்ளிக்கூடத்தில் முதலிடம், இங்கேயும் காரணம் இல்லாமல் கேட்பார்களா என்கிறார். பின்னேரம் திடீரென்று நினைவு வந்தது: பெனடிக்ற் அண்ணை கலாநிதிப் பட்டம் எடுத்தது அங்கேதான். இவரின் ஊர்க்காரர், ஷெறோனின் ஞானத்தகப்பன்.

எனக்குக் களைப்பு. மே மாதம் ஊரில் சண்டை முடிந்த பிறகு எந்தப் படிவத்தைக் கண்டாலும், வன்னியில் காணாமல் போய் நாங்கள் படிவம் நிரப்பித் தேடின ஆட்களின் பெயர்கள்தான் கண்ணுக்குள் வருகின்றன.

11 ஒக்ரோபர், ஞாயிறு

நோர்பரிக்கு, பெனடிக்ற் அண்ணையின் வீட்டுக்குப் போய் வந்தோம். நாற்பது ரோல்ஸ் பொரித்துக் கொண்டு போனேன். உதவி கேட்கப் போகிறவள் வெறுங்கையோடு போகலாமா?

பெனடிக்ற் அண்ணை நல்ல மனிதர், அதையும் எழுதத்தான் வேண்டும். முகம் சுளிக்கவில்லை. அவருடைய மகன் ஜெரோசனும் அங்கேதான் விண்ணப்பிக்கிறானாம். மகனுக்குத் தகப்பன் பெயர் போடுவது நியாயம். ஷெறோனுக்கு?

"ஞானத்தகப்பன் எண்டாலும் தகப்பன்தானே இம்மாகுலேற். தகப்பன்ர தமையன் எண்டு போடுங்கோ. ஆர் வந்து பார்க்கப் போறாங்கள்?"

இவருக்கு வாயெல்லாம் பல். ஷெறோன் ஒரு ரோல்ஸைக் கையில் வைத்துக்கொண்டு சாப்பிடாமலே இருந்தாள்.

12 ஒக்ரோபர்

அப்படி எழுதுவது பொய் என்கிறாள் ஷெறோன். எங்கள் ஆட்களிடம் ஞானத்தகப்பன் உறவுதான் பிள்ளை என்றேன். படிவம் எங்கள் ஆட்களுடையது இல்லையே என்றாள். இந்த வாய் எங்கேயிருந்து வந்தது? என்னிடமிருந்துதான்.

30 ஒக்ரோபர், வெள்ளி

அனுப்பியாயிற்று. கடைசி நேரத்தில் ஷெறோன் கதிரையை விட்டு எழும்பி, "நீங்களே எழுதுங்கோ" என்றாள். நான் உட்கார்ந்து இரண்டு விரலால் தட்டினேன். பெனடிக்ற். தகப்பனின் சகோதரர். 1992.

ஆறாம் வகுப்பிலிருந்து இரவும் பகலும் படித்த பிள்ளை. அவளுக்காக ஒரு சொல் எழுதினால் என்ன?

15 நவம்பர், ஞாயிறு

பெனடிக்ற் அண்ணையின் வீட்டில் மதியச் சாப்பாடு, ஜெரோசனுக்குப் பிறந்தநாள். வீடு நிறைய ஆட்கள். அண்ணை தன் பழைய கதையை எடுத்தார். அந்தக் காலம் தரப்படுத்தல். பல்கலைக்கழகம் போக மாவட்டத்துக்கு மாவட்டம் வெட்டுப்புள்ளி வேறு: யாழ்ப்பாணத்துக்கு அதிகம், பின்தங்கின மாவட்டம் என்று மன்னாருக்குக் குறைவு. முதல்தடவை யாழ்ப்பாணத்தில் சோதனை எழுதி இடம் கிடைக்காமல், மாமா ஒருவரின் விலாசத்தைக் கொடுத்து மன்னாரில் எழுதினாராம். பொறியியல் கிடைத்ததாம். அங்கிருந்துதான் அமெரிக்கா.

"எல்லா இடத்திலையும் ஒரு வழி இருக்கும். அதைக் கண்டுபிடிக்கிறவன்தான் கெட்டிக்காரன்" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

மன்னாரில் எழுதினது எந்த வருடம் என்று கேட்டேன். 1981.

நானும் 1981. மன்னார். அதே கணிதப் பிரிவு.

ரயிலில் வரும்போது இவரிடம் சொன்னேன். அந்த நேரம் ஆர்தான் செய்யேல்லை என்றார். ஓம், எல்லாரும் செய்ததுதான். எனக்கு ஆறு புள்ளி குறைந்து இடம் கிடைக்காமல் போனதும் எல்லாருக்கும் நடந்ததுதானா? மன்னாருக்கு இருந்ததே விரல்விட்டு எண்ணக்கூடிய இடங்கள். என் இடத்தைத்தான் அவர் எடுத்தார் என்று சொல்ல ஏலாது. எடுக்கவில்லை என்றும் சொல்ல ஏலாது. ஆனால் மன்னாருக்கென்று ஒதுக்கினதை எங்கட பிள்ளையள் எடுத்திருக்க வேணும், வேற ஆரும் இல்லை. இருபத்தெட்டு வருசமாக நான் மொக்கு எண்டு நினைச்சுக்கொண்டு திரிஞ்சனான்.

17 நவம்பர்

இருநூறு பிள்ளைகளுக்கு உருளைக்கிழங்கு மசித்தேன். கை வேலை செய்தது, வாய்க்குள் ஏச்சு ஓடிக்கொண்டே இருந்தது. பிறகு அதுவும் நின்றுவிட்டது. அண்ணை பொய் விலாசம் கொடுத்தார். நான் பொய் உறவு கொடுத்தேன். அந்தக் கட்டத்தில் எழுத ஒருவரும் இல்லாத பிள்ளை எங்கேயோ இருக்கும்தானே. அதற்கும் ஒரு தாய் இருப்பாள், குசினியிலோ எங்கேயோ.

20 நவம்பர், வெள்ளி

நாளைக்கு ஷெறோனுக்கு நேர்முகம். லண்டனில் இருக்கும் பழைய மாணவி ஒருவர் கோப்பிக் கடையில் சந்திப்பாராம். 1981ஐப் பற்றி எல்லாவற்றையும் அவளுக்குச் சொன்னேன். உறவைப் பற்றிக் கேட்டால் உண்மையைச் சொல்லு என்றேன்.

"கேக்காட்டில்?"

நாளைக்கு அவள் போடும் சட்டையை எடுத்து அயன் பண்ணத் தொடங்கினேன்.

21 நவம்பர்

கேட்கவில்லையாம். இவளே சொன்னாளாம்: அவர் உறவில்லை, ஞானஸ்நானத்தில் என்னை ஏந்தினவர், பிழையாக எழுதப்பட்டுவிட்டது. அந்த மனுசி சொன்னதற்கு நன்றி என்று சொல்லி, ஏதோ குறித்துக்கொண்டாராம். பிறகு கணிதத்தைப் பற்றி ஒரு மணித்தியாலம் கதைத்தார்களாம். யார் எழுதியது என்று மட்டும் ஷெறோன் அவருக்குச் சொல்லவில்லையாம். எனக்கு வெட்கமாக இருந்தது.

அண்ணையின் முகத்தில் இனி எப்படி முழிப்பது என்பதுதான் இவருக்குக் கவலை.

15 டிசம்பர், செவ்வாய்

மின்னஞ்சல் வந்தது. ஷெறோனுக்கு இடம் இல்லை. ஜெரோசனுக்குக் கிடைத்துவிட்டது.

அவள் சொன்னதாலா, மற்றப் பிள்ளைகள் இவளை விடத் திறமா? ஒருவரும் சொல்லப் போவதில்லை. குளியலறைக்குள் தண்ணீரைத் திறந்துவிட்டு அழுதாள். கதவுக்கு வெளியே நின்றேன். தட்டவில்லை.

20 டிசம்பர், ஞாயிறு

பெனடிக்ற் அண்ணை கேக் பெட்டியோடு தனியாக வந்தார். இவர் வேலைக்குப் போயிருந்தார். இவர்தான் சொல்லியிருக்க வேண்டும், அண்ணைக்கு எல்லாம் தெரிந்திருந்தது. கோபம் இல்லை. பிள்ளை வீணாக வாயைக் கொடுத்திட்டாள், என்னட்டை ஒரு சொல் கேட்டிருக்கலாமே என்றார்.

"அண்ணை, 1981இல நானும் மன்னாரில எழுதினனான். ஆறு புள்ளி காணாது."

தேத்தண்ணிக் கோப்பையைக் கீழே வைத்தார். மன்னிப்புக் கேட்பாரோ என்று எனக்குப் பயமாக இருந்தது. கேட்டால் என்ன சொல்வது? கேட்கவில்லை. எழும்பி, சப்பாத்தைப் போட்டுக்கொண்டு, வாசலில் நின்றபடி மெதுவாகச் சொன்னார்.

"ஜெரோசனுக்கு இதொண்டும் தெரிய வேண்டாம். விலாசக் கதையைப் பகிடி எண்டுதான் நினைச்சிருக்கிறான். தனக்குக் கிடைச்சது தன்ர மூளைக்கு மட்டும் எண்டு நம்பிக்கொண்டிருக்கிறான்."

"சொல்ல மாட்டன்" என்றேன். அந்தப் பிள்ளை என்ன செய்தது, பாவம்.

அவர் போன பிறகு ஷெறோன் அறையிலிருந்து வந்து, கேக்கை வெட்டி எனக்கு ஒரு துண்டு தந்தாள். எல்லாம் கேட்டிருக்கிறாள். இந்த வீட்டில் அவளுக்குத் தெரியக்கூடாதது என்று என்னிடம் இனி ஒன்றும் இல்லை.