இன்னும் காய்ச்சல் விடலை சார்

4ஆம் தேதி

அன்புள்ள அத்தைக்கு,

நல்லபடியாக வந்து சேர்ந்தேன். ஆபீஸ் பயிற்சி என்னை நிமிரவே விடவில்லை, அதனால்தான் மூன்றாம் நாள் எழுதுகிறேன். நீங்கள் சொன்னபடி காதை மூடிக்கொண்டுதான் மலை ஏறினேன். இங்கே பகலிலும் வாயைத் திறந்தால் புகை வருகிறது. ஊரைச் சுற்றி ரோஜாத் தோட்டம்தான். மொட்டு அவசரப்பட்டு விரியாமல் பெரிதாக வளர, ஒவ்வொன்றுக்கும் வெள்ளை வலையில் குல்லாய் மாட்டுகிறார்கள். வரிசை வரிசையாக நம் சிட்டு குல்லாய் போட்டு நிற்பது போலவே இருந்தது.

சிட்டுவுக்குப் பாலை நன்றாக ஆற்றிக் கொடுங்கள். குப்புறத் தூங்கினால் திருப்பிப் போடுங்கள். பல் முளைக்கும் நேரம், கையில் கிடைப்பதெல்லாம் வாய்க்குள் போகும். மூன்று பிள்ளை வளர்த்த உங்களுக்கே பாடம் எடுக்கிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். ஒவ்வொரு நிமிஷமும் அவள் ஞாபகம்தான்.

உங்கள் பையன் நைட் ஷிப்ட் முடித்து வந்ததும் சாப்பிடாமல் படுக்க விடாதீர்கள்.

அன்புடன்,
உங்கள் மருமகள்

7ஆம் தேதி

அம்மாடி,

உன் கடுதாசி வந்துச்சு. நேத்துக் கீழ் வீட்டுல போன் வந்திருக்குன்னு கூப்பிட்டாங்க. பார்த்தா உன் ஆபீஸ் மேனேஜர். "பாப்பாவுக்குக் காய்ச்சல் எப்படிம்மா இருக்கு? மேடம் எப்போ வேலைக்கு வருவாங்க?"ன்னார். எந்தப் பாப்பாவுக்குன்னு கேக்க வாய் வரைக்கும் வந்துச்சு. முழுங்கிட்டு, "இன்னும் காய்ச்சல் விடலை சார்"னேன். சிட்டு என் இடுப்புல உட்கார்ந்துக்கிட்டு போன் ஒயரைக் கடிச்சுக்கிட்டிருந்தா.

இன்னிக்குக் காலையில பார்த்தா அவளுக்கு உடம்பு கொதிக்குது. பயப்படாதே, டாக்டர்கிட்டக் காட்டியாச்சு. சின்ன ஜுரம்தான், மருந்து குடுத்தா விட்டுடும்னுட்டார். "உனக்குக் கருநாக்குடி, நல்லதா எதையாவது சொல்லித் தொலை"ன்னு உன் மாமா இருந்த வரைக்கும் சொல்லுவார். அதுதான் என்னைப் போட்டு அரிக்குது.

உன்கிட்ட நான் ஒண்ணும் கேக்கலை. ஆனா ஒண்ணு. இந்த வீட்டுக்கு வந்த புதுசுல உன் எழுத்து மணிமணியா இருக்கும். பிள்ளை பொறந்த பிறகு மளிகைச் சீட்டுல கூடக் கோழிக் கிறுக்கல்தான். இந்தக் கடுதாசி மறுபடி மணிமணியா இருக்கு. நிமிர நேரமில்லாதவ எழுத்தா இது?

நீ போனதுலேருந்து சிட்டு உன்னைத் தேடி வாசலையே பார்த்துக்கிட்டிருக்கா.

அத்தை

9ஆம் தேதி

அத்தை,

உங்கள் கடிதத்தைப் படித்ததும் கடைத்தெருவுக்கு ஓடிக் கீழ் வீட்டுக்கு போன் போட்டேன். "விட்டுடுச்சு, வீட்டையே ரெண்டாக்குறா" என்றீர்கள். பின்னால் அவள் கத்துவது கேட்டது. நீங்கள் ஹலோ ஹலோ என்றுகொண்டே இருந்தீர்கள். வைத்துவிட்டேன்.

பயிற்சி எதுவும் இல்லை. என் கல்லூரித் தோழி ஒட்டடைக்குச்சி வீட்டில் இருக்கிறேன். ஒருமுறை வந்து நம் நிலைப்படியில் தலையை இடித்துக்கொண்டாளே, அந்த நெட்டைதான். இங்கே தோட்டத்தில் மேற்பார்வை வேலை. "வந்து தூங்குடி" என்றாள். வந்தேன். தூக்கத்துக்கு ஆபீஸில் யார் லீவு தருவார்கள்? ஒரு பிள்ளைக்கே முடியவில்லை என்று உங்களிடம் சொல்ல நாக்குக் கூசியது. ஆபீஸில் பிள்ளைக்குக் காய்ச்சல் என்றேன், உங்களிடம் பயிற்சி என்றேன். காய்ச்சல் என்று முதலில் சொன்னவள் நான். கருநாக்கு எனக்குத்தான்.

இதைவிடப் பெரியது ஒன்று. ஒவ்வொரு நிமிஷமும் ஞாபகம் என்று எழுதினேனே, பொய். முதல் இரண்டு நாள் எனக்கு அவள் நினைப்பே வரவில்லை. மூன்றாம் நாள் தோழியோடு தோட்டத்துக்குப் போய் அந்தக் குல்லாய்களைப் பார்த்தபோதுதான் எனக்கு ஒரு பிள்ளை இருப்பது உறைத்தது. நானெல்லாம் ஒரு தாயா அத்தை?

இன்றே கிளம்பியிருப்பேன். உங்கள் முகத்தில் எப்படி விழிப்பது? வா என்று ஒரு வரி எழுதுங்கள். அடுத்த பஸ்ஸில் ஏறுகிறேன்.

உங்கள் மருமகள்

11ஆம் தேதி

அம்மாடி,

ஒரு வரி கேட்டியே. வராதே. பதினாறாம் தேதிக்குத்தானே டிக்கெட், அன்னிக்கு வா.

போனை ஏண்டி வச்சே? கீழ் வீட்டம்மா யாருன்னு கேட்டா, ராங் நம்பர்னேன். உன்னால நானும் நல்லாத் தேறிட்டேன்.

மேனேஜர் மறுபடி கூப்பிட்டார். பிள்ளையை இழுக்க வேண்டாம், வந்தா எனக்கே வரட்டும்னு, "இப்போ மாமியாருக்குக் காய்ச்சல் சார், எழுந்திருக்கவே முடியலை"ன்னேன். "நீங்க யாரும்மா பேசறது?"ன்னார். "மாமியார்தான் சார்"னு உளறிட்டேன். நீ வந்து சமாளிச்சுக்கோ.

சிட்டு வாசலையே பார்க்கறான்னு எழுதினேனே, அதுவும் பொய்தான். நீ போன ரெண்டு நாள் அவ உன்னைத் தேடவே இல்லை. என் கழுத்தைக் கட்டிக்கிட்டு ஜோராத் தூங்கினா. உனக்கு வலிக்குமேன்னு மாத்தி எழுதினேன். உள்ளுக்குள்ள எனக்குக் கொஞ்சம் பெருமை வேற, வெட்கங்கெட்ட மனசு. மூணாம் நாள்தான் கொடியில உன் புடவையைப் பார்த்துட்டு அப்படி ஒரு அழுகை. நீயும் மூணாம் நாள்தான்ங்கறே. தாயும் மகளும் பேசி வச்சுக்கிட்டீங்களா?

வெளியில நீ என்ன வேணா சொல்லிக்கோ. என்கிட்ட மட்டும் "தூங்கணும் அத்தை"ன்னு சொல்லிட்டுப் போ.

இந்தக் கடுதாசியில உன் எழுத்து பழையபடி கோழிக் கிறுக்கல். பாதி வரி ஈரத்துல கலைஞ்சு வேற கிடக்கு. போய்ப் படு. மணிமணியா ஆனப்புறம் வா.

அத்தை