கிணற்றின் மேல் போட்ட பழி

அன்புள்ள அண்ணை,

எங்கள் கரம்பொன் வீட்டுக் கிணற்றின் மேல் கிடந்த பழி நீங்கிவிட்டது. இதை உங்களுக்குச் சொல்லாமல் வேறு யாருக்குச் சொல்வேன்?

உங்கள் மருமகன் குகனுக்கு ஐந்து வயதாகப் போகிறது. மூக்கு என் வீட்டுக்காரருடையது, வாய் என்னுடையது, தோல் அப்படியே உங்களுடையது. பிறந்தபோது பளபளவென்றுதான் இருந்தான். சில மாதங்களில் முழங்காலுக்குக் கீழே மண்ணிறச் செதில் படர்ந்தது. பிறகு வயிற்றிலும் கழுத்தின் இரண்டு பக்கமும். முகம், உள்ளங்கை, முழங்கை மடிப்பு மட்டும் தப்பின. அவன் கழுத்தைப் பார்ப்பவர்கள் நான் பிள்ளையைக் குளிப்பாட்டுவதே இல்லை என்று நினைக்கிறார்கள். உங்களால் அம்மா வாங்கிக் கட்டிய அதே பேச்சு இப்போது எனக்கு.

எங்கள் கிணற்று உவர்த் தண்ணீர்தான் உங்கள் தோலைக் கெடுத்தது என்று வீடு முழுக்க நம்பியது, ஞாபகம் இருக்கிறதா? குடிப்பதற்கென்று அம்மா தூரத்திலிருந்து சுமந்து வரும் நல்ல தண்ணீரில் உங்களுக்குக் குளிப்பு, எனக்கு உவர். தேங்காய்த் தும்பால் உங்களைத் தேய்க்கும்போது நீங்கள் போடும் சத்தத்தைக் கேட்டால்தான் என் பொறாமை அடங்கும்.

பிறகு சித்தப்பா தன்னுடைய இரத்தினபுரிக் கடைக்கு உங்களைக் கூட்டிப்போனார். அடுத்த முறை நீங்கள் வந்தபோது கால் இரண்டும் மினுங்கின. "பாத்தியளே, எல்லாம் தண்ணிதான்" என்று அம்மா ஊரெல்லாம் சொல்லித் திரிந்தார். தைமாதப் பனிக்காற்றில் கொஞ்ச நாள் நின்றீர்கள், செதில் திரும்பி வந்தது. அதற்குப் பிறகு உங்களை வீட்டில் தங்க விடவே அம்மாவுக்குப் பயம். "இஞ்சை தோலுக்குச் சுகம், மனசுதான் வறண்டுபோச்சு" என்று ஒருமுறை எழுதினீர்கள். பகிடி என்று எடுத்துக்கொண்டோம். பகிடிதானா, அண்ணை? கடைசியில் ஒரு காய்ச்சல் உங்களை அங்கேயே கொண்டுபோய்விட்டது.

இப்போது குகனையும் அங்கே அனுப்பச் சொல்லி அம்மா ஒற்றைக்காலில் நின்றார். "கொண்ணன் அங்கை போய்த்தானே சுகப்பட்டவன். பள்ளிக்கூடம் சேர்க்க முதல் அனுப்பிவிடு." என் வீட்டுக்காரரும் தலையாட்டத் தொடங்கிவிட்டார். எனக்கு மட்டும் ஒன்று விளங்கவில்லை. குகன் வளர்வது இறுப்பிட்டியில், மாமியார் வீட்டு நல்ல தண்ணீர்க் கிணற்றடியில். உவர் படாத பிள்ளைக்கு இது எங்கிருந்து வந்தது?

அம்மாவையும் கூட்டிக்கொண்டு யாழ்ப்பாணத்தில் தோல் வருத்தம் பார்க்கும் டொக்டரிடம் போனோம். அவர் குகனின் காலைத் தடவிப் பார்த்துவிட்டு என்னிடம் கேட்டார்: "பிள்ளையின்ரை தாய்மாமன்மார் ஆருக்கும் இப்பிடி இருந்ததோ?"

ஓம் என்று தலையாட்டினேன்.

இது அபூர்வமான வருத்தம், பிறப்போடு வருவது என்றார். பழைய தோல் நேரத்துக்கு உதிராமல் ஒட்டிக்கொண்டே நிற்கிறதாம். தாய்வழியாக வந்து, பெரும்பாலும் ஆண்பிள்ளைகளின் தோலில்தான் தெரியுமாம். யாருக்கும் தொற்றாதாம். "உவர்த் தண்ணி தோலைக் கொஞ்சம் வறட்டும், வருத்தத்தை உண்டாக்காது. இரத்தினபுரியிலை மழையும் ஈரமும், அதாலைதான் அங்கை சுகமா இருந்திருக்கும். இனித் தும்பாலை தேய்க்காதையுங்கோ. குளிச்ச ஈரத்தோடை எண்ணெய் பூசுங்கோ, அதுவே போதும்."

திரும்பி வரும்போது பஸ் பண்ணைப் பாலத்தில் ஏறியதும் அம்மா கேட்டார்: "அப்ப, அவனை நான் வீட்டிலையே வைச்சிருந்திருக்கலாம், என்ன?"

அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டேன். வேறு என்ன செய்ய? நீங்கள் பக்கத்தில் இருந்திருந்தால் ஏதாவது சொல்லிச் சிரிக்க வைத்திருப்பீர்கள்.

நேற்றுக் கரம்பொனில் அம்மா எங்கள் கிணற்றில் தானே அள்ளிக் குகனுக்கு வார்த்தார். கிணற்றடியில் தேய்க்கும் தும்பைக் காணவில்லை. ஈரக்காலில் தேங்காயெண்ணெய் பூசும்போது அவன் கூசிக் கூசிச் சிரித்தான்.

"அம்மம்மா, மாமாவுக்கும் இப்பிடித்தான் பூசினனீங்களோ?"

"இல்லையப்பன். அவனுக்குப் பூசோணுமெண்டு அப்ப எனக்குத் தெரியேல்லை" என்று சொல்லிவிட்டு, அம்மா இன்னும் கொஞ்சம் எண்ணெயைக் கையில் ஊற்றிக்கொண்டார். பார்த்துக்கொண்டு நின்ற எனக்கு மனம் நிறைந்துவிட்டது.

குகனுக்கு வருகிற தையில் இங்கேதான் பள்ளிக்கூடம். பனிக்காற்று அடிக்கும், செதில் வரும், வரட்டும். உங்கள் தோல் இந்த முறை வீட்டை விட்டுப் போகாது, அண்ணை. அதற்கு நான் பொறுப்பு.

இப்படிக்கு,
உவர்த் தண்ணீரில் குளித்து வளர்ந்த தங்கச்சி,
உங்கள் மருமகனைப் பெற்றவள்.