கத்தி படாத சிப்பி

பிப். 4, செவ்வாய்

காலையில் பனிமூட்டம், சாம்பல் வாடை. எண்ணூர் முகத்துவாரத்தில் தொங்கவிட்ட இரண்டு வலைப்பைகளில் ஒன்றைத் தூக்கியாச்சு. தூரத்துச் சுத்தமான கடலிலிருந்து நான் கொண்டுவந்து விட்ட பச்சைச் சிப்பிகள். பெரும்பாலும் உயிரோடு! பாட்டிலில் அள்ளும் தண்ணீர் அன்றைய கதையை மட்டும் சொல்லும். சிப்பியோ இத்தனை வாரம் வடிகட்டிக் குடித்த ஈயம், காட்மியம் எல்லாவற்றையும் சதையில் சேர்த்து வைத்திருக்கும். யோசனை முழுக்க என்னுடையது. கர்வம்தான், இருக்கட்டும்.

லேபில் தொட்டி மோட்டார் ரிப்பேர். இரவு முழுக்கச் சிப்பிகள் சேறு கக்கட்டும் என்று வீட்டிலேயே, டப்பில் நல்ல கடல்நீர் ஊற்றி வைத்தேன்.

பிப். 5, புதன்

போச்சு. மார்க்கெட்டுக்கு மீன் கூடை தூக்கும் முன்பே அத்தை அத்தனை சிப்பியையும் இரும்புக் கத்தியால் பிளந்து, மஞ்சள் தடவி வைத்துவிட்டார்.

"வேலைக்குப் போற பொண்ணு, உனக்கு இன்னாத்துக்குக் கஷ்டம்னு நான்தான்மே ஆஞ்சி வெச்சேன்."

கத்தியின் உலோகம் சதையில் ஒட்டினால் எந்த அளவையும் நம்ப முடியாது. மாமியாரிடம் இப்படிக் கத்தியது இதுதான் முதல் தடவை. அவர் முகம் சுண்டிவிட்டது. எனக்கும் அழுகை. மீதி ஒரே பை. அதுவும் கெட்டால் இந்த வருட வேலை காலி.

காஸ் புக் பண்ண மறந்தேன்.

பிப். 8, சனி

இரண்டாவது பை. அத்தை லேபுக்கே வந்துவிட்டார். கையுறையும் பிளாஸ்டிக் கத்தியும் கொடுத்தேன்.

"இன்னாமே, சொப்பு சாமானா கீது?"

முனகிக்கொண்டே என்னோடு உட்கார்ந்து பிரித்தார். யாரென்று என் கைடு மேடம் கேட்டதற்கு, "இவ மாமியாரு" என்று நிமிர்ந்து பதில்.

பிப். 21, வெள்ளி

ரிசல்ட்! முகத்துவாரத்தில் விடும் முன் எடுத்து வைத்த சிப்பிகளைவிட ஈயம் பல மடங்கு. மெஷினில் மறுபடி ஓட்டிப் பார்த்தும் அதே. மேடம்: "இனி யாரும் அசைக்க முடியாது, ஸ்டெல்லா."

பஸ்ஸில் தானாகச் சிரித்துக்கொண்டே வந்தேன். பாதி வழியில்தான் உறைத்தது. ஞாயிறுதோறும் அத்தை விற்கும் சிப்பியும் அதே முகத்துவாரத்தில் எடுப்பது. அதில்தான் அவருக்கு நல்ல வியாபாரம். வீட்டில் அத்தையிடம் சொன்னேன். அவர் சோறுகூடச் சரியாகச் சாப்பிடவில்லை.

பிப். 23, ஞாயிறு

சுள்ளென்று வெயில். சர்ச்சில் பூசை முடிந்து மார்க்கெட் வழியாக வந்தேன். அத்தை கூடையில் சங்கரா, நெத்திலி மட்டும். வாடிக்கைக்காரர் ஒருவர் சிப்பி கேட்டார்.

"கெடையாது நைனா. எண்ணூரு தண்ணி கலீஜு. என் மருமவ டெஸ்ட் பண்ணிக் கண்டுபுடிச்சிக்கீறா."

பக்கத்தில் சிப்பி விற்றவள் முறைத்தாள். அத்தை இன்னும் சத்தமாக மறுபடி சொன்னார்.