மறைப் பெறுமானம் பிழையல்ல

அனுப்புநர்:
நீ. ஸ்ரெல்லா,
இறுதியாண்டு, இரசாயனவியல்,
குருநகர்.

பெறுநர்:
உதவிப் பதிவாளர், பரீட்சைப் பிரிவு,
வடபுலப் பிரயோக விஞ்ஞான நிறுவகம்,
மானிப்பாய்.

விடயம்: ஆய்வறிக்கையில் ஏவல் எந்திரப்பி மறையாக வந்ததைப் பிழையெனத் திருப்பியமை

மதிப்புக்குரிய ஐயா,

இல்லை, குறி மாறவில்லை. மறுபடி கணித்தேன். மறையாகவே, சைபருக்குக் கீழேதான், வருகிறது.

1. அல்லைல் பீனைல் ஈதரைச் சூடாக்கினால் அதன் ஒரு துண்டு ஒட்சிசனை விட்டுப் பக்கத்து வளையத்தைப் பிடிக்கிறது. முதலில் கழன்று, அலைந்து, பின் ஒட்டுகிறதா? விடுதலும் பிடித்தலும் ஒரேயடியாக நடக்கிறதா? என் ஆய்வு இதுதான். கழன்றால் ஒழுங்கின்மை கூடும். அந்த ஒழுங்கின்மை மாற்றத்தைக் காட்டும் ஏவல் எந்திரப்பி நேராக (+) வரும். ஒரேயடியாகவென்றால் மூலக்கூறு முதலில் மடிந்து அடங்க வேண்டும். அசைய இடம் குறையும். அப்போது மறை (−). இது முடிந்த நிரூபணமல்ல, சான்று. அப்படித்தான் எழுதியிருக்கிறேன்.

2. நானும் இன்னொரு மாணவியும் வெவ்வேறு வெப்பநிலைகளில் தாக்கவீதம், அதாவது இம்மாற்றம் நடக்கும் வேகம், அளந்தோம். ஈதரை அடைத்துச் சூடான எண்ணெய்த் தொட்டியில் வைத்தெடுத்த கண்ணாடிக் குழாய்களை உடனே குளிர்விக்க, அப்பா மீனுக்கு வாங்கும் ஐஸில் கொஞ்சம் கொண்டுவந்தேன். சில குழாய்கள் வெடித்தன. மிஞ்சியவை போதுமாயிருந்தன. அவையும் இப்போது இல்லை. ஆய்வுகூடத்தைத் துப்புரவாக்கியபோது எறியப்பட்டன.

3. வழிகாட்டிய கலாநிதி நமசிவாயம் வெளிநாடு சென்றுவிட்டார். என் மின்னஞ்சல்களுக்குப் பதில் இல்லை. புதிய பரீட்சகர், "பிணைப்பு உடையுது, பிள்ளை. ஒழுங்கின்மை கூடத்தானே வேணும்?" என்றார். உடையும்போதே இன்னொன்று உருவாகிறது என்று சொல்லத் தொடங்கினேன். அடுத்தவரை அழைத்துவிட்டார்.

4. என்னோடு அதே குழாய்களை அளந்த மாணவி சித்தியடைந்துவிட்டார். பெயர் வேண்டாம். "ஒரு சின்னக் கோடுதானேடி. எடுத்துவிட்டால் முடிஞ்சுது" என்றார். அவரில் எனக்குக் கோபமில்லை. களைப்புத்தான்.

5. திருத்திய பிரதியை இன்று நான்கு மணிக்குள் ஒப்படைக்காவிட்டால் எனக்குப் பட்டமில்லை. வீட்டில் இன்னும் சொல்லவில்லை.

புள்ளி கூட்டித் தரும்படி கேட்கவில்லை. இரசாயன இயக்கவியல் தெரிந்த வேறொருவர் என் முதல் அறிக்கையை வாசிக்க வேண்டும். அல்லது யாராவது பக்கத்தில் நிற்க, பரிசோதனையைத் திரும்பச் செய்ய அனுமதி வேண்டும். பிழையென்று கண்டால் ஏற்றுக்கொள்கிறேன். யாரிடம் கேட்பதென்று தெரியாமல் தங்களிடம் கேட்கிறேன்.

மானிப்பாய்,
12.06.2025

இப்படிக்கு,
நீ. ஸ்ரெல்லா

கையொப்பமிட்டபின் எழுதுவது: மறைக்குறியை நீக்கிய பிரதியை மூன்றே முக்காலுக்கு, அறிக்கைகள் வாங்கும் பக்கத்து யன்னலில் ஒப்படைத்துவிட்டேன்.