பதினேழாம் பாதையின் பச்சைப் பலகை

மார்ச் 4, செவ்வாய்

பதினேழாம் பாதைக்குப் பச்சைப் பலகை நட்டு இன்றோடு மூன்று வாரம். பச்சை என்றால் சைக்கிள் பழகியவர் யாரும் இறங்கலாம். நீலம் கொஞ்சம் கைப்பழக்கம் கேட்கும். கறுப்பு, எலும்பின் மேல் பிரியம் இல்லாதவர்களுக்கு. இந்தப் பூங்காவின் நாற்பத்து மூன்று மலைப்பாதைகளுக்கும் நிறம் சொன்னது நான். ஒன்றைக்கூட இதுவரை மாற்ற நேர்ந்ததில்லை. இதை நானே எழுதிக்கொள்ள வேண்டியிருக்கிறது, வீட்டில் யாரும் சொல்வதில்லை.

வீட்டில் இருப்பது என் வீட்டுக்காரர் ஒருவர்தான். அடிவாரத்து மருத்துவமனையில் எக்ஸ்ரே எடுப்பவர். சாப்பிடும்போது சொன்னார்: "உன் பதினேழாம் பாதையிலேர்ந்து இன்னைக்கு ஒரு தோள்பட்டை வந்துச்சு."

கவனம் இல்லாதவர்கள் எங்கே போனாலும் விழுவார்கள் என்றேன். "சரிதான்" என்று தட்டைக் கழுவப் போய்விட்டார். அவர் "சரிதான்" என்றால் சரியில்லை என்று அர்த்தம். இருபது வருடக் குடித்தனத்தில் எனக்கு இதுகூடத் தெரியாதா?

மார்ச் 9, ஞாயிறு

ஒரு மணிக்கட்டு. அதே பதினேழு.

"அந்தம்மா கணக்கு டீச்சராம். நாற்பத்தெட்டு வயசுல சைக்கிள் வாங்கி ஆறு மாசமா பழகுறாங்களாம். 'பச்சைப் பாதையிலயே விழுந்துட்டேன், யார்கிட்டயும் சொல்லிடாதீங்க'ன்னாங்க."

"அதான் என்கிட்ட சொல்றீங்களாக்கும்."

"நீ என்ன, யாரோவா?"

மார்ச் 11, செவ்வாய்

இன்னொரு மணிக்கட்டு, ஒரு கணுக்கால். மனுஷர் இப்போது வாயைக்கூடத் திறப்பதில்லை. மேஜையில் வந்து உட்கார்ந்து இரண்டு விரலைக் காட்டுகிறார்.

மார்ச் 12, புதன்

பதினேழின் சோதனைக் குறிப்பைத் தேடி எடுத்தேன். "சாய்வு மிதம். வளைவுகள் எளிது." என் கையெழுத்துதான். ஜனவரி 22. அன்றைக்கு என்ன நடந்தது என்று யோசித்துப் பார்த்தால் — ஐயோ.

அன்று மேலே போகும் சாலையில் மரம் விழுந்து கிடந்தது, ஜீப் ஏறாது. சும்மா காத்துக்கிடப்பானேன் என்று கீழிருந்தே பாதையில் மிதித்து ஏறினேன். நான் உச்சிக்குப் போவதற்குள் மரத்தை வெட்டி எடுத்துவிட்டார்கள். மழையும் பிடித்துக்கொண்டது. மேலே வந்த ஜீப்பில் சைக்கிளைப் போட்டுக்கொண்டு திரும்பிவிட்டேன்.

பதினேழு இறங்குவதற்கு மட்டுமான பாதை. அதில் நான் இறங்கவே இல்லை.

ஏறும்போது ஆள் நடக்கிற வேகம்தானே. அந்த வேகத்தில் எந்த வளைவும் சாதுவாகத்தான் இருக்கும். 'எந்தத் திசையில் ஓட்டுவார்களோ அந்தத் திசையிலேயே சோதிக்க வேண்டும்' — இந்த விதியை எழுதினது யாரு? நான்தான். புதுசா வேலைக்கு வர்றவங்களுக்கு வருஷா வருஷம் இதைப் பாடம் எடுக்கிறது யாரு? அதுவும் இந்த மகராசிதான்.

மார்ச் 13, வியாழன்

இன்று இறங்கிப் பார்த்தேன். முதலில் சரளை நிறைந்த நீளமான நேர்ப்பாதை, சும்மா உட்கார்ந்திருந்தாலே வேகம் பிடிக்கிறது. அது முடிகிற இடத்தில் பாறைக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு ஒரு வளைவு. அதைச் சமாளித்து மூச்சுவிடுவதற்குள் இன்னொன்று. மூன்றாவதில் ஈர வேர்கள், ஒரு பக்கம் பள்ளம். பிரேக்கைப் பிடித்த பிடியில் விரல்கள் இன்னும் சரியாக நிமிரவில்லை.

இது பச்சையும் இல்லை, நீலமும் இல்லை. சுத்தக் கறுப்பு.

பாதையின் தொடக்கத்தில் கயிறு கட்டி மூடிவிட்டு வந்து வீட்டுக்காரரிடம் சொன்னேன். கேலி செய்வார் என்று பார்த்தால், செய்யவில்லை. அதைத்தான் தாங்க முடியவில்லை.

மார்ச் 14, வெள்ளி

என் மேலதிகாரி, பூங்கா ரேஞ்சர், நல்ல மனுஷர். அவரிடம் இருக்கிற ஆபத்தே அதுதான். முழுவதையும் பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்: "மழையில பாதை அரிச்சுப் போச்சு, அதனால நிறம் மாத்துறோம்னு எழுதிடுங்கம்மா. பலகை கறுப்பாயிடும், தெரியாம யாரும் வந்து விழமாட்டாங்க, உங்க பேரும் கெடாது. யாருக்கு என்ன நஷ்டம்?"

அதற்குப் பதில் தேட நான் பெரிதாக முயலவில்லை. திங்கட்கிழமை கையெழுத்துப் போட்டுத் தருகிறேன் என்று வந்துவிட்டேன்.

மார்ச் 15, சனி

சங்கிலிக்கு எண்ணெய் வாங்க சைக்கிள் கடைக்குப் போனேன். வாசலில் ஓர் ஆரஞ்சு நிற சைக்கிள், கைப்பிடியில் 'விற்பனைக்கு' என்று அட்டை.

"கணக்கு டீச்சரோடது" என்றார் கடைக்காரர். "பச்சையிலயே விழுறவளுக்கு சைக்கிள் எதுக்குன்னு கொண்டாந்து விட்டுட்டாங்க. வீட்லயும் எல்லாரும் சிரிக்கிறாங்களாம்."

எண்ணெய் வாங்காமலே திரும்பிவிட்டேன்.

யாருக்கு என்ன நஷ்டம்னு கேட்டாரே ரேஞ்சர், இந்தா இருக்கே நஷ்டம். மழையில அரிச்சுப் போச்சுன்னு நாளைக்குப் பலகையை மாத்தினா மட்டும் என்ன, நாம விழுந்தப்ப அது பச்சைதானேன்னுதான் அந்தம்மா நினைப்பாங்க. சாகுற வரைக்கும் நினைப்பாங்க. தப்பு பண்ணினது நான். வெட்கம் அவங்களுக்கா?

மார்ச் 16, ஞாயிறு

டீச்சர் வீட்டுக்குப் போனேன். இடது கையில் கட்டு, வலது கையில் சிவப்புப் பேனா, முன்னால் விடைத்தாள் கட்டு. அந்தப் பேனாவைப் பார்த்ததும் எனக்குப் பாதி உயிர் போய்விட்டது. உட்காரச் சொல்வதற்கு முன்பே எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். ஏறியதை, இறங்காததை, மழைக் கதையை, எல்லாம்.

டீச்சர் விடைத்தாள்களை ஓரமாகத் தள்ளிவைத்தார்.

"அப்போ அது கறுப்பா?"

"கறுப்பு, டீச்சர்."

"நான் விழுந்தது மூணாவது வளைவுல."

"மூணாவது வரைக்கும் போனீங்களா?"

"அப்போ ரெண்டு வளைவு" — பேனாவை மூடி வைத்தார் — "கறுப்புல ஓட்டியிருக்கேன்."

அழுதாரா சிரித்தாரா என்று எனக்கு இன்னும் சரியாகத் தெரியவில்லை. கொஞ்சம் கழித்து டீச்சர் குரல் திரும்பி வந்தது. "எனக்குக் கோபம் இல்லைன்னு நினைச்சுக்காதீங்க. ஆறு வாரம் இந்தக் கை எதுக்கும் உதவாது." தலையைக் குனிந்துகொண்டேன். வேறென்ன செய்ய?

"இப்ப சொன்னதை அப்படியே எழுதித் தாங்க. வீட்ல காட்டணும்."

அங்கேயே உட்கார்ந்து எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். தேதி போடவில்லை என்று திருப்பிக் கொடுத்தார். போட்டேன்.

மார்ச் 17, திங்கள்

அறிக்கை கொடுத்தாயிற்று. அதில் மழை இல்லை. 'சோதித்தவரின் பிழை' என்று இருந்தது. ரேஞ்சர் இரண்டு முறை படித்தார்.

"நீங்க நிறம் சொன்ன எல்லாப் பாதையையும் இனி வேற ஆள் வந்து சோதிக்கணும். புரியுதா?"

புரிந்தது. அடுத்த உத்தரவு வரை எனக்குப் புதர் வெட்டும் வேலை. விழுந்த மற்ற மூன்று பேருக்கும் என் கையெழுத்தோடு கடிதம் போகிறது. ஜீப்பில் திரும்பும்போது அழுகை வந்தது, அழுதேன்.

வீட்டில் சொன்னேன். "புதரைப் பாத்து வெட்டு. விரலுக்குப் படம் எடுக்க எனக்கு நேரமில்ல" என்றார். அப்பாடா, கேலி திரும்பிவிட்டது.

ஏப்ரல் 2, புதன்

புதர். முதுகு வலி. வேறொன்றும் இல்லை.

மே 20, செவ்வாய்

புதிதாகச் சோதித்தவர் முடித்துவிட்டார். நாற்பத்திரண்டு நிறம் அப்படியே நிற்கிறதாம். பதினேழைக் கறுப்புப் பலகையோடு திறந்துவிட்டார்களாம். ரேஞ்சரே புதருக்குள் தேடி வந்து சொன்னார். இதற்குச் சந்தோஷப்படலாமா? கொஞ்சம் பட்டுக்கொண்டேன்.

ஜூன் 8, ஞாயிறு

டீச்சர் இன்று பதினேழுக்கு வந்தார், அதே ஆரஞ்சு சைக்கிளில். இன்னும் கொஞ்ச நாள் பச்சையில் ஓட்டுங்களேன் என்று மெதுவாகச் சொல்லிப் பார்த்தேன்.

"மே மாசம் முழுக்க அதுலதான் ஓட்டினேன். அது நிஜமாவே பச்சைதானே?"

மூக்குடைபட்டது எனக்கு. "வேற ஆளும் பாத்துட்டாங்க, டீச்சர்" என்றேன்.

அவர் முன்னால், நான் பின்னால். நேர்ப்பாதை முழுவதும் பிரேக்கை விட்டு விட்டுப் பிடித்தார். முதல் வளைவு, இரண்டாவது வளைவு. மூன்றாவதற்குக் கொஞ்சம் முன்பே நிறுத்தி இறங்கிவிட்டார். ஓரமாகத் தள்ளிக்கொண்டு, வேர்களைப் பார்த்துப் பார்த்து, அவசரமே இல்லாமல் நடந்தார். பின்னால் வந்த இரண்டு பேர் எங்களைத் தாண்டிப் போனார்கள். டீச்சர் அவர்களுக்குக் கையசைத்தார்.

"கறுப்புதானே" என்றார் என்னிடம். "இறங்கினா என்ன?"

நானும் இறங்கித் தள்ளினேன்.