ஒட்டிய வால்

பிப்ரவரி 3, செவ்வாய்

நாலு மணிக்கு அண்ணன் ஆய்வகத்துக்குள் வந்தார். வேலையிடத்தில் அவர் துறைத்தலைவர். நான் புதைபடிவங்களைக் கல்லிலிருந்து சுரண்டிச் சுத்தம் செய்கிறவள். அவர் கையில் ஒரு கட்டுரை. வேறொரு பல்கலைக்கழகத்துப் பெண் எழுதியது. பதினெட்டு வருடத்துக்கு முன் அண்ணன் பெயர் வைத்த, டைனோசர் காலத்துப் பறக்கும் ஊர்வனவான டெரோசார்களின் பேரினம் என்று ஒன்று கிடையவே கிடையாதாம். தலை குட்டைவால் கூட்டத்துடையது, வால் நீளவால் கூட்டத்துடையது, ஜுராசிக் காலத்து இரண்டு பிராணிகளைச் சேர்த்து ஒட்டிய கல் என்கிறாள்.

“பொழுதுபோகாம எழுதியிருக்கா” என்றார். என் முகத்தைப் பார்க்கவில்லை.

பிப்ரவரி 4

ஒட்டியது நான்தான்.

தலையும் உடலும் ஒரே பலகைக் கல்லில் இருந்தன. வால் தனித் துண்டு. குழி தோண்டுகிறவர் ஒரு வாரம் கழித்துக் கொண்டுவந்தார். இரண்டு கல்லும் ஒரே மாதிரி இல்லையே என்று சொன்னேன். “ஒரே குழிதான். மாநாட்டுக்குப் பத்து நாள்கூட இல்ல, ஒட்டும்மா” என்றார் அண்ணன். ஒட்டினேன். நாலு விரல் அகலத்துக்கு பிளாஸ்டர் பூசி, கல் நிறத்தில் சாயமும் அடித்தேன். இரண்டு கூட்டத்துக்கும் நடுவில் நிற்கும் விலங்கைக் கண்டுபிடித்தவர் என்று அவருக்குப் பேர் வந்தது. எனக்கு வேலை நிரந்தரமானது. இப்போது யாரை நொந்து என்ன?

பிப்ரவரி 19

அந்தக் கட்டுரைக்கு அண்ணனுடைய பதில் வெளியாகிவிட்டது. “இணைப்பில் பிழை இருப்பின், அது ஆய்வாளரின் கவனத்துக்கு வராமல் உதவியாளரால் நேர்ந்திருக்கலாம்.”

நேர்ந்திருக்கலாம். கூடப் பிறந்தவளைத் தள்ளிவிட ஒரு ‘லாம்’ போதும்.

அண்ணிக்கு ஃபோன் போட்டேன். “அவர் ரிட்டயர் ஆக எட்டு மாசம்தான் இருக்கு. பெருசு பண்ணாத. உன் பேரப் போடலியே” என்றாள். பேர் போடவில்லைதான். இந்த ஆய்வகத்தில் அன்றும் இன்றும் ஒரே உதவியாளர்தான், அண்ணி.

மார்ச் 6

பிளாஸ்டரை எடுத்துப் பார்க்கச் சொல்லிப் பல்கலைக்கழக நிர்வாகத்தின் உத்தரவு. பூசியவளே எடுக்கட்டும் என்றார்களாம். திங்கட்கிழமை, கட்டுரை எழுதிய அந்தப் பெண் பார்க்க வருகிறாள்.

மார்ச் 7, சனி

வரிசையாக எழுதுகிறேன்.

பிளாஸ்டர் கழன்று வந்துவிட்டது. அதற்கடியில், உடல் இருக்கும் கல்லின் ஓரத்தில், நகக்கனத்துக்கு ஒரு கல் தோல். அன்று அவசரத்தில் அதைச் சுரண்டாமலே பூசியிருக்கிறேன். இன்று சுரண்டினேன். மூன்று வால் முள்ளெலும்புகள். இரு பக்கமும் கம்பிக் கட்டு மாதிரி மெல்லிய எலும்புக் குச்சிகள். நீளவால் கூட்டத்துக்கு மட்டுமே உள்ளவை. ஒட்டிய வால் எதனுடையதோ. ஆனால் இந்தப் பிராணிக்கும் நீள வால்தான்.

அண்ணன் சொன்னது சரி. ஒட்டாமலே சரி. அதை மூடி வைத்தது நான்.

குச்சி ஒவ்வொன்றும் தலைமுடியைவிடக் கொஞ்சம்தான் தடிமன். ஊசி கையில் இருந்தது. நழுவிவிட்டது என்றால் யார் கேட்கப்போகிறார்கள்? ஊசியைக் கீழே வைத்தேன். பிறகு தூரிகையில் பசை தொட்டு, குச்சிகள் உதிராமல் இறுக்கினேன். இதில் நல்ல மனசெல்லாம் இல்லை. முப்பது வருடமாக எலும்பைக் காப்பாற்றிப் பழகிய கை, வேறொன்றும் அதற்குத் தெரியவில்லை.

மார்ச் 9

அந்தப் பெண் லென்ஸைவிட்டுக் கண்ணை எடுக்கவே இல்லை. கடைசியில், “நான் பாதி தப்பு” என்றாள். சிரித்தாள்கூட. பிறகு, “இத அப்பவே ஏன் சுத்தம் பண்ணல?”

“அவசரப்படுத்தினாங்க.”

“யாரு?”

சொன்னேன். குறித்துக்கொண்டாள்.

மே 29

திருத்தக் கட்டுரை வந்தது. பேரினம் நிற்கிறது, வகைப்பாடு நிற்கிறது. வால் துண்டு தவறு. யார் சொல்லி ஒட்டப்பட்டது என்பதும் ஒரு வரியில் இருக்கிறது.

மாலையில் அண்ணன் வந்தார். “அப்பவே சொன்னேன்ல, நீள வால்னு.”

“சொன்னீங்க. தெரிஞ்சு சொல்லல.”

“அந்த ஒரு வரி இல்லாமலே ஜெயிச்சிருப்பேன். அதப் போய் அவகிட்ட...”

“அவ கேட்டா. நீங்க என்கிட்ட ஒரு வார்த்த கேக்காமலே எழுதுனீங்க.”

கதவைச் சாத்தாமலே போய்விட்டார்.

ஜூன் 12

அண்ணி ஃபோன். அண்ணனுக்குப் பாராட்டுக் கூட்டம் முடிந்து ஞாயிற்றுக்கிழமை வீட்டில் சாப்பாடாம், நானும் வர வேண்டுமாம். “வேலை இருக்கு” என்றேன். ஞாயிற்றுக்கிழமை ஆய்வகம் பூட்டியிருக்கும் என்று அவளுக்குத் தெரியும்.

“சரிம்மா” என்றாள். அவள் குரலில் அவ்வளவு நிம்மதி.