ஆளுக்கொரு மங்கு கள்

சியோனான், 1943

அன்புள்ள அக்காவுக்கு,

அத்தானைப் பற்றிக் கேட்டிருந்தாய். முதலில், ஜப்பான்காரன் சியோனான் ஆக்கிவிட்ட நம் சிங்கப்பூர் நிலவரத்தைச் சொல்கிறேன். மூன்று வேளையும் மரவள்ளிக்கிழங்குதான். சிராங்கூன் ரோட்டுக் கள்ளில் பாதி தண்ணீர், அதற்கும் வரிசை. பட்டாளத்துக்கும் பணக்காரனுக்கும் மட்டும் நகரத்தில் பிராந்தியும் பாட்டும் குறையவில்லை.

போன சனிக்கிழமை கூலிக்காரர்களுக்குக் கொட்டகையில் இலவசப் படம், ஆளுக்கொரு மங்கு நிறையக் கள் என்று ஜப்பான்காரர்கள் அறிவித்தார்கள்.

"சும்மா எவன்டா குடுப்பான், மாப்ளே?" என்றார் அத்தான்.

"தனியா குடிச்சா எனக்கு இறங்காது, வாங்க அத்தான்," என்று கையைப் பிடித்து இழுத்துப்போனேன்.

படம் தொடங்கியது. நான் கச்சான் கடலை வாங்க வெளியே வந்தேன். திரும்புவதற்குள் கதவை அடைத்துவிட்டார்கள். உள்ளே இருந்த அத்தனை பேரையும் லாரியில் ஏற்றினார்கள். சயாமில் ரயில் பாதை போடவாம்.

தினமும் ஜப்பான்காரனின் கூலி ஆபீஸ் வாசலில் போய் அவர் பெயரைச் சொல்கிறேன். கூலிக்காரனுக்குப் பட்டியல் எதற்கு என்று அங்கிருக்கும் நம் ஆளே சிரிக்கிறான்.

பிள்ளைகளிடம் அப்பா வேலைக்குப் போயிருக்கிறார் என்று சொல். யார் அனுப்பியது என்று கேட்டால், மாமா என்று சொல்.

உன் வீட்டுப் படியேறத் துணிவில்லாத
தம்பி